பத்து எண்ணும் வரைக்கும்

குனிஞ்சு வாங்க தங்கச்சி, வாசல் தாழ்வு. பாய்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? கொஞ்சம் உப்புக் கரிக்கும். ஊர்க் கிணத்துல என்னை வாளி போட விடறதில்ல. இது மணல்ல நானே தோண்டின ஊத்து.

நீங்க கொற்றனோட தங்கச்சின்னு சொல்லாமலே தெரிஞ்சுபோச்சு. அந்த மூக்கு அப்படியே அவரோடதுதான். மலையிலேர்ந்து அஞ்சு நாளும் நடந்தேவா வந்தீங்க? காலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கடல்நாகம் திரும்பி வந்துடுச்சுங்கிற செய்தி உங்க ஊர் வரைக்கும் வந்துட்டுதா? வரத்தான் செய்யும். வந்து பதினாறு நாளாச்சு. ரெண்டு படகு போயிடுச்சு.

இந்த ஊர்ல என்ன சொல்லி அனுப்பினாங்க? 'அம்பலவன்கிட்டப் போய்க் கேளு, உன் அண்ணனை அதோட வாய்ல விட்டுட்டு வந்தவன் அவன்தான்'னுதானே? நீங்க சொல்ல வேண்டாம். மூணு வருஷமா எனக்குப் பழகின பேச்சு. அந்தப் படகுல ரெண்டே பேருதான் இருந்தோம். உங்க அண்ணன் அணியத்துல, அதாவது படகு மூக்குல. நான் பின்னால சுக்கான்ல. கரையில நின்னவங்களுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன். முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க.

உங்களுக்கு இந்த இடம் புரியணும். எங்க ஊர்ப் பொழப்புக்குக் கடல் ஒண்ணுதான் வழி. உள்ளே குளம் மாதிரி உப்பங்கழி. வெளியே பெருங்கடல். ரெண்டுக்கும் நடுவுல இரட்டைப்பாறை. அந்த ரெண்டு பாறைக்கும் இடையில நாலு படகு ஒண்ணா போற அளவுக்கு ஒரு வாய். மீன் பிடிக்கப் போனாலும் அந்த வாய்தான். அரிசிக்கப்பல் வந்தாலும் அந்த வாய்தான். அந்த வாய்லதான் அது வந்து படுத்துச்சு.

முதல்ல யாருக்கும் தெரியல. முதுகெல்லாம் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கிட்டு, புதுசா ஒரு பாறை முளைச்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்குக் காலைல கரைக்கு மீன் ஒதுங்கிச்சு பாருங்க, கூடை கூடையா! எல்லாம் வெந்த மீனு. வெந்து, தோல் உரிஞ்சு, அப்படியே எடுத்துத் திங்கலாம். ஊரே சிரிச்சுக்கிட்டு அள்ளிச்சு. நானும் அள்ளினேன். என் பொண்டாட்டி நாச்சியார் மட்டும், "கடல்ல எவன் அடுப்பு வச்சான்?"னு கேட்டா. அவ அப்ப மூணு மாசம் முழுகாம இருந்தா. 'மசக்கையில என்னமோ பேசறா'ன்னு நான் நினைச்சேன்.

மறுநாள் அஞ்சு படகு வாய்க்குப் போச்சு. பாறை எழுந்திருச்சு.

அஞ்சுல ஒண்ணு திரும்புச்சு. அதுல இருந்தவன் நான் இல்ல. அதையும் ஊர்ல மாத்திச் சொல்வாங்க. நான் அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தேன். நாச்சியாரைக் கேட்டா சொல்லுவா.

அது மூச்சு விடும் தங்கச்சி. நெருப்பு இல்ல. ஆவி. உலைப்பானை மூடியைத் திறந்தா வருமே, அது மாதிரி ஆயிரம் பானை. பட்ட இடத்துல தண்ணி கொதிக்கும்.

அஞ்சு மாசம் வாய் அடைச்சுக் கிடந்துச்சு. அரிசிக்கப்பல் வெளியே ரெண்டு தடவை வந்து, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுச்சு. கழியில இருந்த நண்டும் மட்டியும் ரெண்டு மாசத்துல தீந்துச்சு. அப்புறம் பாசியைக் காயவச்சு இடிச்சுக் கஞ்சி. முடிஞ்சவங்க மலைப்பாதையில நடந்து போயிட்டாங்க. வயசானவங்களும் புள்ளைத்தாச்சிகளும் எப்படிப் போவாங்க? நாச்சியார் வயிறு பெருசாக ஆக, கை கால் குச்சியாயிடுச்சு. வயித்தைத் தொட்டா புள்ளை உதைக்கும். கன்னத்தைத் தொட்டா எலும்புதான் கைக்கு வரும். நான் அவளைப் பாக்காம இருக்கறதுக்காகவே வெளியே வெளியே சுத்துவேன்.

அப்பதான் உங்க அண்ணன் வந்தாரு. மலையில ஆளைத் தின்ன மிருகங்களைக் கொன்னவர்னு கேள்விப்பட்டு எங்க ஊர்த் தலைவர் ஆள் அனுப்பியிருந்தாரு. வந்த அன்னைக்கு ஊர்ல மிச்சமிருந்த கொஞ்சம் அரிசியைப் பொங்கி அவர் முன்னால வச்சாங்க. அவர் ஒரு பிடி எடுத்துக்கிட்டு, "புள்ளைத்தாச்சி யாராவது இருந்தா குடுங்க"ன்னாரு. அந்தச் சோறு நாச்சியாருக்குத்தான் வந்துச்சு. அதை நான் மறக்கல. நன்றி கெட்டவன்னு சொல்றாங்களே, அதை நான் மறந்தேனா?

எட்டு நாள் அவரு வடக்குப் பாறை மேல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஈட்டியைத் தொடவே இல்ல. விரலை மடக்கி எண்ணிக்கிட்டே இருப்பாரு. ஒன்பதாம் நாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. "உடம்பு முழுக்க சிப்பி ஓடு. எங்க குத்தினாலும் ஏறாது. ஆனா ஆவி விடறதுக்கு முன்னாடி அது தலையைத் தூக்கி மூச்சை இழுக்குது. அப்ப தாடைக்குக் கீழ ஓடு விலகுது. உள்ள வெள்ளையா, தவளை வயிறு மாதிரி சதை. பத்து எண்ணுற நேரம் அப்படி இருக்கு. பத்தாவதுல ஆவி வந்துடும். நேர் எதிர்ல போனாத்தான் அந்த இடம் தெரியும். பக்கத்துலேர்ந்து பாத்தா தெரியாது. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. அதோட வாய்க்கு நேரா, பத்து எண்ணி முடியற வரைக்கும், ஒரு கோடு போட்ட மாதிரி படகைப் பிடிக்க ஒருத்தர் வேணும். ஒன்பதுல நான் எறிஞ்சுடுவேன்."

நல்ல சுக்கான்காரங்க எல்லாம் அந்த நாலு படகோட போயிட்டாங்க. மிச்சமிருந்தவங்க தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொம்பளைங்க பக்கத்துல நாச்சியார் நின்னா. என்னைப் பாத்தா. அவ்வளவுதான், பாத்தா. நான் கையைத் தூக்கினேன்.

யாரும் என்னைத் தள்ளி விடல தங்கச்சி. நானாத்தான் தூக்கினேன். இன்னைக்குக் கோழைன்னு பேசற ஒருத்தனும் அன்னைக்குத் தூக்கல. இதை எழுதி வச்சுக்கோங்க.

அப்புறம் அஞ்சு நாள் கழியில பழகினோம். ஆழமில்லாத இடத்துல ஒரு கம்பை நட்டு, அதுதான் நாகம்னு வச்சுக்கிட்டோம். காலைக் கரைக்காத்தைப் பாய்ல பிடிச்சு, கம்புக்கு நேரா விடுவேன். அவரு அணியத்துல நின்னு சத்தமா எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒன்பதுல ஈட்டி போகும். பத்துல நான் திருப்புவேன். நூறு தடவையாவது ஓட்டியிருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட படகு விலகல. கேட்டுப் பாருங்க, அதுக்கும் ஊரே சாட்சி. கரையில நின்னு கை தட்டினாங்க. அதைச் சொன்னாங்களா உங்ககிட்ட? சொல்லியிருக்க மாட்டாங்க.

கடைசி நாள் பழகி முடிச்சு, படகை இழுத்துப் போட்டுட்டு ரெண்டு பேரும் மணல்ல உக்காந்திருந்தோம். அவரு திடீர்னு கேட்டாரு. "அண்ணே, பயமா இருக்கா?"

"இல்ல"ன்னேன்.

"எனக்கு இருக்கு"ன்னாரு. "எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணிக்கு மேல நான் நின்னதே இல்ல." சிரிச்சாரு. சிரிச்சுட்டு, "பயமா இருந்தா சொல்லுங்கண்ணே. தப்பில்ல. நாளைக்கு வேண்டாம், நாலு நாள் தள்ளிப் போவோம். இல்ல, கோணத்தை மாத்தி வேற வழி யோசிப்போம். தெரியாம போயிடக் கூடாது. அவ்வளவுதான்"னாரு.

"எனக்கு என்ன பயம்? நான் இந்தத் தண்ணியில பொறந்தவன்"னு சொன்னேன்.

அப்ப எனக்குப் பயம் இல்லதான். அது பொய் இல்ல. கம்புக்கு நேரா ஓட்டறப்ப பயம் எங்கேர்ந்து வரும்?

மறுநாள் பொழுது விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். நாச்சியார் தண்ணி வரைக்கும் வந்தா. கரைக்காத்து முதுகைத் தள்ளுது. கடல் எண்ணெய் விட்ட மாதிரி கிடக்கு. வடக்குப் பாறையில மூணு பேரு, அடையாளம் காட்டறதுக்கு. மத்தவங்க எல்லாம் கரையில. அது வாய்ல படுத்திருந்துச்சு. உங்க அண்ணன் ஈட்டியால படகுப் பலகையைத் தட்டினாரு. டொக், டொக், டொக். அது கேட்டுடுச்சு.

தலையைத் தூக்குச்சு தங்கச்சி.

தூரத்துலேர்ந்து நான் அதை நிறைய தடவை பாத்திருக்கேன். ஆனா நேர் எதிர்ல பாத்ததில்ல. கழுத்து மேல மேல போய்க்கிட்டே இருந்துச்சு. சிப்பிக்கு இடுக்குலேர்ந்து தண்ணி அருவியா ஊத்துது. கண்ணு ரெண்டும் பால் மூடின கண்ணு. ஆனா அது என்னைத்தான் பாத்துச்சு. உங்க அண்ணனை இல்ல. அவருக்கு மேல, பாய்க்குப் பக்கத்துல, நேரா என்னை. மூச்சை இழுக்க ஆரம்பிச்சதும் படகே முன்னால வழுக்கிச்சு. தாடைக்கு அடியில ஓடு விரிஞ்சுது. அவரு சொன்ன மாதிரியே வெள்ளை. எவ்வளவு பெரிய இடம்! குருடன் எறிஞ்சாலும் படும்.

"ஒண்ணு"ன்னாரு.

நேரா பிடிச்சேன். ரெண்டு, நேரா. மூணு, நாலு, நேராத்தான். சத்தியமா நேராத்தான். அஞ்சுல தண்ணி சுடத் தொடங்குச்சு. பலகை வழியா கால்ல சூடு ஏறுது. ஆறு. அதோட பல்லுக்கு நடுவுல மாட்டியிருந்த வலைத்துண்டு கூடத் தெரிஞ்சுது. எங்க ஊர் வலை. நீல நூல்.

ஏழுன்னாரு. சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமலே கத்தினாரு. எனக்கு 'திருப்பு'ன்னு கேட்டுச்சு.

திருப்பினேன்.

இருங்க. உங்க முகம் மாறுது. சொல்றதைக் கேளுங்க. வடக்குப் பாறையில இருந்த மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, அவரு 'திருப்பாதே'ன்னுதான் கத்தினாருன்னு. இருக்கலாம். நான் இல்லைங்கல. காத்து எனக்குப் பின்னாலேர்ந்து முன்னால அடிக்குது. அவரு வாய்லேர்ந்து வந்த வார்த்தையை அது அந்தப் பக்கம், பாறைப் பக்கம் தூக்கிட்டுப் போயிடும். என்கிட்ட வர்றப்ப முன்பாதிதான் வரும். 'திருப்'. அவ்வளவுதான் வந்துச்சு. 'திருப்பு'ன்னாலும் அப்படித்தான் தொடங்கும், 'திருப்பாதே'ன்னாலும் அப்படித்தான் தொடங்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் கடைசியிலதானே இருக்கு? கடைசி எனக்கு வரல. இதுல என் தப்பு என்ன?

தலைவர் சபையில கேட்டாரு, "நீ திருப்பப் போறேன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? எதுக்கு 'திருப்பாதே'ன்னு கத்தணும்? படகு முன்னாடியே அசைஞ்சிருக்கணும்"னு. ஏழுக்கு முன்னாடி படகு அசைஞ்சிருந்தா நான் உணர்ந்திருக்க மாட்டேனா? முப்பது வருஷம் சுக்கான் பிடிச்ச கை இது. அந்த ஆளு ஒரு தடவை கூட கடல்ல கால் வச்சதில்ல, என்னைக் கேக்கறாரு.

படகு பக்கவாட்டுல சாஞ்சுது. உங்க அண்ணன் ஈட்டியை எறியல, எறிய முடியல. ஈட்டியோட தண்ணியில விழுந்தாரு. நான் கழியைப் பாத்து இருந்தேன். அப்ப ஆவி வந்துச்சு. பாருங்க, இந்தப் பக்கம் வாங்க, சட்டையைத் தூக்கிக் காட்டறேன். தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும். தோலே இல்ல, பாருங்க. இப்பவும் வெயில் பட்டா எரியும். இவ்வளவு பட்டவனைத்தான் கோழைங்கறாங்க. இதைக் காட்டினப்ப ஊர்ல ஒருத்தன், "முகத்துல ஒரு பொட்டு கூடக் காணோமே?"ன்னு கேட்டான். முகத்துல எப்படிப் படும்? நான் இந்தப் பக்கம்ல பாத்திருந்தேன்!

அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் கண்ணால பாக்கல. பாறையில இருந்தவங்க சொன்னதுதான். நீந்தத் தெரியாத மனுஷன், கையைக் காலை அடிச்சு, அதோட கழுத்துச் சிப்பியைப் பிடிச்சுட்டாராம். பிடிச்சு ஏறினாராம். ஈட்டியை விடவே இல்லையாம். ஆவி விட்டு முடிஞ்சு ஓடு மூடறதுக்குள்ள, இடுக்குல ஈட்டியை வச்சு உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினாராம். அது போட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துல எழுந்த அலைதான் என் படகைத் தூக்கி மணல்ல போட்டுச்சு. அது அவரோட முங்கிடுச்சு. மூணு நாள் வாய் முழுக்கக் கறுப்பா, தார் மாதிரி மிதந்துச்சு. நாலாம் நாள் அது இல்ல. அரிசிக்கப்பல் உள்ள வந்துச்சு.

சாகல அது. அவரு குத்தின இடம் நடுவுல இல்ல, ஓரம். ரெண்டு விரக்கடை தள்ளி. ஒன்பதுல எறிஞ்சிருந்தா... சரி, விடுங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் சபையில சொல்லல. நாச்சியார்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன். அவ புள்ளையை எடுத்துக்கிட்டு மலைப்பாதையில அவங்க அக்கா வீட்டுக்குப் போனது அதுக்கு மறுநாள்தான். பொட்டப் புள்ளை. நடக்கத் தொடங்கியிருக்கும். ஓடவே செய்யும் இப்ப.

தண்ணியில விழுந்ததும் உங்க அண்ணன் ஒரு தடவை கூப்பிட்டாரு. "அண்ணே!"ன்னு. அது நல்லாக் கேட்டுச்சு. முழுசாக் கேட்டுச்சு. காத்தெல்லாம் இருந்துச்சு, ஆவி சத்தம் இருந்துச்சு, எல்லாத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. படகு அவருகிட்டேர்ந்து மூணு கை தூரம்தான் போயிருக்கும். சுக்கானைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளியிருந்தா கையை நீட்டியிருக்கலாம்.

நான் நேராப் பிடிச்சேன். கரையைப் பாத்து, ஒரு கோடு போட்ட மாதிரி.

எழுந்துட்டீங்களா? இருங்க. போயிடாதீங்க தங்கச்சி. என்னைத் திட்டுங்க, அடிங்க, காறித் துப்புங்க, ஆனா போயிடாதீங்க. நீங்க கேக்க மட்டும் வரல. எனக்குத் தெரியும். நேத்து முழுக்க வடக்குப் பாறையில உக்காந்து விரலை மடக்கிக்கிட்டிருந்தீங்க. இங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல்ல உங்க அண்ணன்தான் திரும்பி வந்துட்டாருன்னு நினைச்சேன். எழுந்து நின்னுட்டேன். உண்மையைச் சொல்றேன், சந்தோஷத்துல இல்ல. பயத்துல.

சுக்கானுக்கு ஆள் கிடைக்கலதானே? கிடைக்காது. தலைவர் ஊர் ஊராக் கேட்டாலும் கிடைக்காது. தனியாப் போறதா சொன்னீங்களாமே. சுக்கானைக் கயித்தால கட்டி நேரா விட்டுட்டு நீங்க அணியத்துல நிக்கப் போறதா. அது நடக்காது தங்கச்சி. அது மூச்சை இழுக்கறப்ப தண்ணி உள்ள வாங்கும். படகு மூக்கு இடது பக்கம் ஓடும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வலது பக்கம் இழுத்துப் பிடிக்கணும். அதைக் கைதான் செய்யும், கயிறு செய்யாது. உசுரோட இருக்கிற ஆள்ல அது தெரிஞ்ச கை இது ஒண்ணுதான். ஆறு வரைக்கும் எனக்குத் தெரியும். ஆறு வரைக்கும் நான் நேராப் பிடிச்சேன்.

என்னைக் கூட்டிட்டுப் போங்க.

கால்ல விழறேன். வயசுல பெரியவன்னு பாக்காதீங்க. இந்த மூணு வருஷமா தினம் காலையில கரைக்காத்து எழும்பறப்ப நான் இந்த வாசல்ல உக்காந்து எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டுன்னு. கையில ஒரு கட்டையைப் பிடிச்சுக்கிட்டு. ஏழு வந்ததும் கை தானா இடது பக்கம் திரும்பிடும். எதிர்ல எதுவுமே இல்ல, மணல்தான் இருக்கு, ஆனாலும் திரும்பிடும். எண்ணிப் பாத்தவன் சொல்றேன், ஒரு நாள் கூட எட்டு வந்ததில்ல.

அதனால என்னை நம்பாதீங்க. நம்பச் சொல்லல. என் கையை மட்டும் எடுத்துக்கோங்க. சுக்கானை அசைக்க அரைச் சாண் போதும். வலது பக்கம் அரைச் சாண். அந்த அளவுக்குத் தளர்த்தி விட்டு, தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் சுக்கானோட வச்சுக் கட்டிடுங்க. இடது பக்கம் ஒரு விரக்கடை கூட வராத மாதிரி. நான் கத்துவேன். அழுவேன். அவிழ்த்து விடச் சொல்லிக் கெஞ்சுவேன். நீங்க திரும்பிப் பாக்காதீங்க. அவரு மாதிரியே முன்னால பாத்து எண்ணிக்கிட்டே இருங்க.

அதோ அந்த மூலையில கயிறு இருக்கு, புதுக் கயிறு. எடுத்துக்கோங்க. முடிச்சை மட்டும் நீங்க போடுங்க தங்கச்சி. உங்க மலையில போடற முடிச்சு ஏதாவது போடுங்க. நான் போட்டா, எனக்கு அவிழ்க்கத் தெரியும்.